நரை முடித்த வேந்தனும் நரை நீங்க விழைந்த வேந்தனும்

முன்னுரை

இளமையை விரும்புதலும் முதுமையை அஞ்சுதலும் மக்கட்கு இயல்பு. எனினும், ஒரு சமுதாயம் யாரிடத்தில் இளமையை எதிர்பார்க்கின்றது, யாருடைய முதுமையைப் போற்றுகின்றது, யாருடைய முதுமையை மறைக்கச் சொல்கின்றது என்பன இயற்கையாய் அமைவன அல்ல. அவை காலந்தோறும் மக்களாலே வகுக்கப்படுவன. ஆகவே, அவற்றிற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைத் தமிழ் நூல்களின் துணைகொண்டு சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் தொண்டைநாட்டின் ஒரு சிறு பகுதி தக்க களமாக அமைந்துள்ளது. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருநின்றவூருக்கும் திருவள்ளூருக்கும் இடையே செவ்வாப்பேட்டை உள்ளது. அதற்குத் தென்கிழக்கே திருமழிசையும், மேற்கே அதே இருப்புப்பாதையில் திருவாலங்காடும் இருக்கின்றன. மூன்றும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. திருமழிசையிற் பிறந்த ஆழ்வாரின் வரலாற்றில் இழந்த இளமையை மீண்டும் பெற்ற ஒரு மூதாட்டியையும், அதனைப் பெற விரும்பிய ஒரு மன்னனையும் காண்கின்றோம். திருவாலங்காட்டிலோ, பெற்றிருந்த இளமையழகை வேண்டாவென்று உதறிய ஓர் அம்மையைக் காண்கின்றோம். செவ்வாப்பேட்டைக்குக் கிழக்கிலும் மேற்கிலுமாக அமைந்த இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடைத்து.

நரை முடித்த வேந்தன்

சங்க காலத்தில் அரசனுக்கு இளமை ஒரு குறையாகவும் கருதப்பட்டது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் பாடிய வஞ்சினப் பாட்டு (புறம். 72) இதற்குச் சான்று. பகைவர் தன்னை 'இளையன்' என்று எளிதாகப் பேசினர் என்பதே அவன் சினத்திற்குக் காரணங்களுள் ஒன்று. அவன் தன் இளமையைப் பெருமையாக எடுத்துரைக்கவில்லை. அது பற்றிய இகழ்ச்சியை வெற்றியால் துடைக்க முற்பட்டான்.

சோழன் கரிகாலனைப் பற்றிய செய்தி இதனினும் தெளிவானது. வழக்குத் தீர்க்க வந்த முதியோர் இருவர், மன்னன் மிக இளையனாக இருத்தலைக் கண்டு, இவனால் முறை வழங்க இயலுமோ என ஐயுற்றனர். அதனை உணர்ந்த கரிகாலன், நரைமயிரைத் தலையில் முடித்து, முதியோன் கோலத்தில் அவையில் அமர்ந்து, இரு திறத்தாரும் ஏற்கும்படி தீர்ப்பு வழங்கினான் என்று பழமொழி நானூறு கூறுகின்றது. மணிமேகலையும் இந்நிகழ்ச்சியைக் குறிப்பாற் சுட்டுகின்றது. ஈண்டு நரை என்பது தளர்ச்சியின் அடையாளம் அன்று, நம்பிக்கையின் அடையாளம். அறிவு இருந்தும் அதனைப் பிறர் ஏற்றற்கு நரை வேண்டியிருந்தது.

பெண்டிர் நரையும் புறநானூற்றில் போற்றப்படுகின்றது. போரில் மகனை இழந்த மறக்குடித் தாயரைப் பாடும் 277, 278-ஆம் பாடல்களில், கொக்கின் இறகையொத்த வெண்கூந்தலும், நரம்பு புடைத்து வற்றிய தோளும் உடைய முதியவரைக் காண்கின்றோம். புலவர் அவ்வுடலைக் கண்டு இரங்கவும் இல்லை, அருவருக்கவும் இல்லை. வற்றிய அவ்வுடலே மறத்தின் உறைவிடமாகின்றது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. கரிகாலன் நரையால் பெற்ற மதிப்பு அவனுக்கே உரியது. அத்தாயர் பெற்ற மதிப்போ மக்களின் வீரத்தின் வழியாக வந்தது.

திருமழிசையாரும் பல்லவ மன்னனும்

நான்முகன் திருவந்தாதியும் திருச்சந்தவிருத்தமும் அருளிய திருமழிசையாழ்வார் காஞ்சியில் திருவெஃகாவில் தங்கியிருந்த காலத்து நிகழ்ந்ததாக, வைணவ குருபரம்பரை நூல்கள் ஒரு வரலாற்றைக் கூறுகின்றன. மூதாட்டி ஒருத்தி ஆழ்வார் உறையும் இடத்தை நாள்தோறும் அலகிட்டு மெழுகித் தொண்டு புரிந்துவந்தாள். அவள் தொண்டுக்கு மகிழ்ந்த ஆழ்வார், அவள் விரும்பியது யாது என வினவினார். தொண்டுக்கு இடையூறாக உள்ள முதுமை நீங்க வேண்டும் என்றாள் அவள். அவ்வாறே இளமை பெற்றாள். அவள் அழகைக் கண்ட பல்லவ மன்னன் அவளை மணந்துகொண்டான்.

ஆண்டுகள் சென்றன. மன்னன் மூத்தான், அவள் மூக்கவில்லை. தன் நரையை நாள்தோறும் அவள் இளமைக்கு அருகே வைத்துக் காண நேர்ந்தமை மன்னனுக்குப் பொறுக்கவொண்ணாததாயிற்று. அவளிடம் காரணம் கேட்டறிந்த அவன், ஆழ்வாரின் மாணவனாகிய கணிகண்ணனை அழைத்து, ஆழ்வாரை அரண்மனைக்குக் கொணருமாறு பணித்தான். கணிகண்ணன் மறுத்தான். சினந்த மன்னன் அவனை நகரை விட்டு நீங்குமாறு ஆணையிட்டான். கணிகண்ணன் நீங்க, ஆழ்வாரும் உடன் சென்றார். ஆழ்வார் சொற்படி திருவெஃகாப் பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார். அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் ஓரிருக்கை எனப் பெயர் பெற்றது. மன்னன் தன் பிழை உணர்ந்து வேண்ட, யாவரும் மீண்டனர். அப்பெருமாள் 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என இன்றும் வழங்கப்பெறுகின்றார்.

இக்கதை பத்திமையின் பெருமையை விளக்க எழுந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதனுள் பொதிந்துள்ள சமுதாய உணர்வு நம் ஆராய்ச்சிக்கு உரியது. இளமையை விரும்பியவர் இருவர். மூதாட்டி தொண்டின்பொருட்டு விரும்பினாள். கதை அவளைக் கடியவில்லை. மன்னன் இன்பத்தின்பொருட்டும் ஒப்புமையால் எழுந்த நாணத்தின்பொருட்டும் விரும்பினான். அவ்விருப்பத்தை ஆணையாக மாற்றினான். இளமையும் தன் நாட்டில் விளையும் ஒரு பொருள் என்றும், அதனையும் இறைபோலத் தண்டிக்கொள்ளலாம் என்றும் அவன் எண்ணினான். அவ்வெண்ணத்தால் நகரமே இறைவனை இழந்து வறிதாயிற்று என்பது கதையின் உட்கிடை. விருப்பம் குற்றம் அன்று. அதனைப் பிறர்மேல் ஆணையாகச் சுமத்துதலே குற்றம்.

அதியமானையும் ஈண்டு நினைத்தல் தகும். உண்டாரைச் சாவாது காக்கும் அருநெல்லிக்கனி அவன் கையிலேயே இருந்தது. அதன் பயனை வெளியிடாமல், அவன் அதனை ஔவைக்கு ஈந்தான் (புறம். 91). இருந்ததை ஈந்த மன்னன் புகழப்பட்டான். இல்லாததைப் பறிக்க முயன்ற மன்னன் இழிவுற்றான். கரிகாலன், அதியமான், பல்லவன் ஆகிய மூவரையும் ஒருசேர நிறுத்திக் காணின், காலம் செல்லச் செல்ல நரையின் பொருள் மாறிவந்துள்ளமை புலனாகும்.

பருவங்களின் கணக்கு

இம்மாற்றம் பெண்டிர்பால் எவ்வாறு அமைந்தது என்பதை உலா இலக்கியமும் பாட்டியல் நூல்களும் காட்டுகின்றன. தலைவன் வீதியில் உலா வர, அவனைக் கண்ட பெண்டிர் காதல் கொள்வதாகப் பாடுவது உலா. அப்பெண்டிரைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என எழுவகையாகப் பகுப்பர். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞானவுலா இவ்வகையில் முற்பட்டது. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் விக்கிரமன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய சோழர் மூவர்மீதும் உலாப் பாடினார். பாட்டியல் நூல்கள் இப்பருவங்கட்கு ஆண்டெல்லை வகுக்கின்றன. எல்லைகள் நூலுக்கு நூல் சிறிது வேறுபடினும், பேதைக்கு 5 முதல் 7, பெதும்பைக்கு 11 வரை, மங்கைக்கு 13 வரை, மடந்தைக்கு 19 வரை, அரிவைக்கு 25 வரை, தெரிவைக்கு 31 வரை, பேரிளம்பெண்ணுக்கு 40 வரை என்பது பெருவழக்கு.

இக்கணக்கில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, இறுதிப் பருவத்தின் பெயரிலும் 'இளம்' என்னும் சொல் நிற்கின்றது. முதிர்ந்தவளைக் குறிக்கும்போதும் இளமையை விட்டுப் பேச அம்மரபு துணியவில்லை. மற்றொன்று, 40-க்கு மேற்பட்ட பெண்ணுக்கு அங்கே பெயரே இல்லை. ஆடவர்க்குப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை எனப் பருவம் வகுத்த பன்னிரு பாட்டியல், 30-ஐக் கடந்தவனை முதுமகன் என்று பெயரிட்டு அழைக்கின்றது. ஆடவனின் முதுமைக்குப் பெயர் உண்டு. பெண்ணின் முதுமைக்கு இல்லை.

அக்கால மக்களின் வாழ்நாள் குறுகியது. ஆதலின் 40-ஓடு நிறுத்தினர் எனச் சிலர் கூறலாம். வாழ்நாள் குறுகியது என்பது உண்மையே. ஆனால், அதுவே காரணமாயின் ஆடவர்க்கும் அவ்வெல்லை பொருந்தவேண்டும். இனி, இவை காதற்பொருள் பற்றிய ஓர் இலக்கிய வகைக்கு வகுத்த விதிகளேயன்றி வாழ்க்கைச் சட்டங்கள் அல்ல என்று கூறுதலும் உண்டு. இது தக்க மறுப்பே. ஆயினும், ஓர் இலக்கிய வகை பல நூற்றாண்டுகள் அரசவையிலும் கோயிலிலும் பயின்று வந்தபோது, அதன் அளவுகோல் கேட்போர் உள்ளத்திலும் பதிந்திருக்கும் என்பதை மறுத்தற்கில்லை. பெண்ணை ஆண்டுகளால் அளந்து, அழகால் வகுத்து, ஓர் எல்லையில் நிறுத்திவிடும் பார்வை அதனால் உரம் பெற்றது.

திருவாலங்காட்டு அம்மை

ஒட்டக்கூத்தர் உலாப் பாடிய அதே குலோத்துங்கன் காலத்தில் (1133–1150), தொண்டைநாட்டுக் குன்றத்தூரைச் சேர்ந்த சேக்கிழார் திருத்தொண்டர் புராணத்தை இயற்றினார் என்பது அறிஞர் பலரும் கொண்ட முடிபு. பெண்ணின் பருவங்களை எண்ணிய நூலும், அப்பருவங்களின் எல்லையைத் தானே கடந்த ஒரு பெண்ணின் வரலாற்றைக் கூறிய நூலும் ஒரே காலத்தில் தோன்றியமை வியப்பிற்குரியது.

காரைக்காலில் வணிகன் தனதத்தனின் மகளாகப் பிறந்த புனிதவதியார், பரமதத்தனை மணந்தார். மாங்கனி நிகழ்ச்சியால் அவரைத் தெய்வமென அஞ்சிய கணவன், கடல்வாணிகம் செல்வதாகக் கூறிப் பிரிந்து, பாண்டிநாட்டில் ஒரு பட்டினத்தில் வேறொருத்தியை மணந்து வாழ்ந்தான். சுற்றத்தார் புனிதவதியாரை அவனிடம் அழைத்துச் சென்றபோது, அவன் மனைவி மகளோடு அவர் அடியில் வீழ்ந்தான். அப்போது அம்மையார் இறைவனை வேண்டினார்: இவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதி இனி எனக்கு வேண்டா, நின் அடி போற்றும் பேய்வடிவம் தருக என்பது அவ்வேண்டுகோள். அவ்வாறே பேய்வடிவு பெற்று, கயிலையைத் தலையால் நடந்து அடைந்து, இறைவனால் 'அம்மையே' என அழைக்கப்பெற்று, திருவாலங்காட்டில் திருக்கூத்தின் கீழ் இருக்கும் பேறு பெற்றார் என்கிறது புராணம்.

சேக்கிழார் கூற்றில் அடங்கிய நுட்பம் உணரத்தக்கது. அழகு தமக்கென இருந்தது என அம்மையார் கூறவில்லை. கணவனுக்காகத் தாங்கியது என்றார். அதாவது, இளமையழகு ஒரு கடமையாகச் சுமக்கப்பட்டது. கடமைக்கு உரியவன் நீங்கியவுடன் சுமையும் இறக்கப்பட்டது. இன்று நாம் பெண்டிர்மேல் சுமத்தப்படும் தோற்றக் கட்டாயம் எனப் பேசுவதை 12-ஆம் நூற்றாண்டுப் புலவர் ஒருவர் இத்துணைத் தெளிவாக உணர்ந்திருந்தார்.

அம்மையார் தாமே பாடிய நூல்களை நோக்கின் மற்றோர் உண்மை புலப்படும். அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டைமணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆகியவை பதினோராந் திருமுறையில் உள்ளன. அவற்றில் கணவனைப் பற்றிய பேச்சே இல்லை. தம்மைக் 'காரைக்கால் பேய்' என்றே அவர் குறிக்கின்றார். மூத்த திருப்பதிகத்தின் தொடக்கத்தில் பெண்பேய் ஒன்றின் உடலை வருணிக்கின்றார்: வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு என அவ்வருணனை செல்கின்றது. இவை யாவும் முதுமையின் அடையாளங்கள். புறநானூற்று மூதாட்டியின் வற்றிய உடல் மீண்டும் இங்கே தோன்றுகின்றது. ஆனால் இம்முறை அதற்கு மதிப்பளிக்க ஒரு மகனின் வீரம் தேவைப்படவில்லை. சோழர்காலச் செப்புத்திருமேனிகள் இதனையே உருவில் காட்டுகின்றன. நியூயார்க்கு மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும், கான்சாஸ் நகர் நெல்சன்–அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் உள்ள அம்மையார் திருமேனிகளில் எலும்பெழுந்த உடலும் கையில் தாளமும் காணலாம்; முகத்தில் துயரம் இல்லை. நாயன்மார் வரிசையில் அவர் மட்டும் அமர்ந்த கோலத்தில் வைக்கப்பெறுதலும் நாம் அறிந்ததே.

இவ்வகையில் ஔவையார் பற்றிய வழக்கும் ஒத்திருக்கின்றது. புறநானூற்று 89-ஆம் பாட்டில் ஔவை விறலியாக விளிக்கப்படுகின்றார். அங்கே முதுமைக் குறிப்பு இல்லை. பிற்காலக் கதையோ, திருமணத்தினின்று தப்ப விநாயகரை வேண்டி முதுமை பெற்றதாகக் கூறுகின்றது. 1953-இல் வெளிவந்த 'ஔவையார்' திரைப்படமும் அக்கதையைப் பரப்பியது. பெண் ஒருத்தி ஊர்தோறும் சென்று பாடவும், அரசர்க்கு அறிவுரை கூறவும் வேண்டுமாயின் முதலில் இளமையை விட்டொழிக்க வேண்டும் எனப் பிற்காலச் சமுதாயம் கருதியது. ஆடவனாகிய கரிகாலன் நரையைச் சிறிது நேரம் அணிந்து களைந்தான். அம்மையும் ஔவையும் மீளாதபடி அதனை ஏற்க நேர்ந்தது. இளமையைத் துறத்தல் அவர்க்கு விடுதலை. அவ்விடுதலைக்கு அவர்கள் கொடுத்த விலையும் அதுவே.

காட்சிப்பொருளாகும் முதுமை

இளமை நிலையாது என அறிவுறுத்திய நூல்கள் தமிழில் பல. நாலடியாரில் இரண்டாம் அதிகாரமும், திருமந்திரத்தில் முதல் தந்திரத்தின் ஒரு பகுதியும் 'இளமை நிலையாமை' என்னும் பெயருடையன. இவை இளமைச் செருக்கை அடக்க எழுந்தவை. எனினும், அறிவுறுத்தும் முறை ஆராய்தற்குரியது. நாலடியார், இன்று கண்ணழகு போற்றப்படும் பெண் நாளை கூனிக் கோலூன்றுவாள் எனக் காட்டி ஆடவனை எச்சரிக்கின்றது. மணிமேகலை, காயசண்டிகை வடிவில் நின்று, உதயகுமரனுக்கு நரைமூதாட்டி ஒருத்தியைச் சுட்டி, கூந்தல் முதலாக ஒவ்வோர் உறுப்பும் அழிந்தமையை எடுத்துரைக்கின்றாள். கேட்போன் ஓர் இளைஞன். சொல்வோள் ஒரு துறவி. மூதாட்டியோ வாய் திறக்கவில்லை. அவள் உடல் பாடமாகின்றது. அவள் சொல் கேட்கப்படவில்லை.

புறநானூற்றின் 243-ஆம் பாட்டை இதனோடு ஒப்பிடுக. கோலூன்றி, இருமலுக்கிடையே பேசும் முதியவர், மருதமரக் கிளையேறிக் குளத்தில் குதித்து, ஆழத்திலிருந்து மணலெடுத்து வந்த தம் இளமையைத் தாமே நினைந்து பேசுகின்றார். அவருக்குத் தம் இழப்பைத் தாமே சொல்லும் உரிமை இருந்தது. இளமைப் பற்றைக் கண்டித்த அறநூல்களும் பெண்ணின் முதுமையை அச்சத்திற்குரியதாகவே காட்டியமையால், அவை நீக்க விரும்பிய நோயை ஒருவகையில் வளர்த்தன என்றே கூறவேண்டியுள்ளது.

இக்காலம்

இவை பழங்கதைகள் என்று ஒதுக்கற்பாலன அல்ல. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை அமைந்த தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை திருமழிசைக்கும் திருவாலங்காட்டுக்கும் இடைப்பட்ட இந்நிலத்தின் வழியே சென்றது. இன்று அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி, திருப்பெரும்புதூர் ஆகிய இடங்களின் தொழிற்பேட்டைகள் இவ்வட்டாரத்தின் வாழ்வை மாற்றியுள்ளன. உழவில் முதியோனின் மழையறிவும் விதையறிவும் மதிக்கப்பட்டன. ஆலையிலோ விரைந்த கையும் களையாத உடலும் மதிக்கப்படுகின்றன. வேலைக்கு ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் வயதெல்லை முதலிடம் பெறுகின்றது. நேர்முகத் தேர்வுக்கு முன்னும் பெண் பார்க்கும் நாளுக்கு முன்னும் தலைமயிருக்குச் சாயம் இடுதல் வழக்கமாகிவிட்டது. தீர்ப்புச் சொல்ல நரை முடித்த கரிகாலனின் வழியினர், வேலை பெற நரை மறைக்கின்றனர்.

திரையுலகமும் இதற்குத் துணைநின்றது. ம. கோ. இராமச்சந்திரன் 56-ஆம் அகவையில் 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973) ஆகத் தோன்றியபோது மக்கள் மகிழ்ந்து ஏற்றனர். அவ்வகவையில் ஒரு நடிகைக்குக் கதைத்தலைவி இடம் தரத் திரையுலகம் முன்வந்ததில்லை. தாய், பாட்டி ஆகிய வேடங்களே எஞ்சின. உலாவின் பழங்கணக்கு புதிய வீதியில் தொடர்கின்றது எனலாம்.

மறுபுறம், தமிழ்நாடு முதியோர் மிகுந்துவரும் நாடு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் மாநில மக்களுள் நூற்றுக்குப் பதின்மருக்கு மேற்பட்டோர் 60 அகவை நிரம்பியவர். இந்தியா முழுமைக்கும் அவ்வளவு ஒன்பதினும் சிறிது குறைவு. பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பேணுதற்கு 2007-இல் நடுவணரசு சட்டம் இயற்ற நேர்ந்தது. அரசு ஊழியரின் ஓய்வகவையை 58-லிருந்து 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் மாநில அரசு உயர்த்தியது. சட்டம் முதியோர்க்குச் சோறும் ஊதியமும் அளிக்க வழிசெய்யலாம். அவர்தம் முகத்தை நாணமின்றி நிமிர்த்தும் மதிப்பைச் சமுதாயமே அளிக்க வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் புலனாகின்றன. தமிழ் மரபு இளமையை மட்டும் போற்றியது என்றோ, முதுமையை மட்டும் போற்றியது என்றோ கூறுதல் பொருந்தாது. நரைக்கு அது மதிப்பளித்தது. ஆனால் அம்மதிப்பை ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் ஒப்ப அளிக்கவில்லை. ஆடவன் நரையில் அறிவைக் கண்ட மரபு, பெண்ணின் நரையில் அழகின் அழிவைக் கண்டது. அதனை மீறிய பெண்டிரைத் தெய்வமாக்கித் தொழுதது. அவர்க்கு ஊர்நடுவே பெயரும் இடமும் அளிக்கத் தயங்கியது. இந்நிலை இயற்கையின் விதி அன்று, மக்கள் வகுத்தது. ஆதலின் மக்களால் மாற்றத்தக்கது.

பிசிராந்தையாரிடம், ஆண்டு பல கடந்தும் நரை தோன்றாமைக்குக் காரணம் வினவினர். அவர் மருந்தையோ கனியையோ கூறவில்லை. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாது காக்கும் வேந்தன், அடங்கிய கொள்கையுடைய சான்றோர் வாழும் ஊர் ஆகியவற்றையே கூறினார் (புறம். 191). நரையின் காரணத்தை அவர் உடலில் தேடவில்லை. வீட்டிலும் ஊரிலும் நாட்டிலும் தேடினார். முதுமையைச் சுமையாக்குவது ஆண்டுகளின் எண்ணிக்கை அன்று. சுற்றி வாழ்வோரின் நடக்கை என்பதே அவ்விடையின் பொருள். அப்பட்டியலிலும் மனைவி கணவனின் நரையைத் தடுப்பவளாகவே நிற்கின்றாள். அவள் நரையைப் பற்றி எவரும் வினவவில்லை. திருமழிசை மூதாட்டியின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அவ்வினாவை எழுப்பி, அப்பெயர்களைத் தேடுதல் இனிவரும் ஆராய்ச்சியாளர் கடனாகும்.